சி லைப்ரரிக்கு ஒரு சோதனை மேசை: கடலூர், புதுச்சேரிப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் மின்னணு, கணினித் துறைத் தலைவர்கள், எம்பெடட் ஆய்வகப் பொறுப்பாசிரியர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகள் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது மண் ஈரம் பார்த்து மோட்டார் போடும் கருவி வரும், குப்பைத்தொட்டி நிறைந்தால் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி வரும், வருகைப்பதிவுக் கருவி வரும். வரட்டும். அவற்றோடு ஒரே ஒரு குழுவுக்காவது வேறு வேலை கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை, அதாவது டாஸ்குகளை, நேரம் தவறாமல் மாற்றி மாற்றி ஓட்டும் சிறு ஆபரேட்டிங் சிஸ்டம்) மேல் ஓடும் சி ஸ்டாண்டர்டு லைப்ரரி (சி மொழியோடு வரும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒன்றை எடுத்து, அது ஓட வேண்டிய சிப்பிலேயே வைத்து, முறையாகச் சோதிக்கும் வேலை அது.

நம் பகுதியில் இதற்குத் தேவை இருக்கிறது. கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் நீர்மட்டம் பார்க்கும் உணரி, இறால் பண்ணையில் ஏரேட்டரை ஓட்டும் கண்ட்ரோலர், ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சின்ன சிப், ஒரு ஆர்டிஓஎஸ், அதன் மேல் ஒரு சி லைப்ரரி. கருவி செய்தவர் தன் கோடை வரி வரியாகப் பார்த்திருப்பார். மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பியையும், மெமரி ஒதுக்கும் மாலாக்கையும், எண்ணை எழுத்தாக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப்பையும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரை மூழ்கடித்தது. அப்படியொரு இரவில் உணரி ரீசெட் ஆகி நின்றால், பழுது பார்ப்பவர் பேட்டரியைப் பார்ப்பார், ஆன்டெனாவைப் பார்ப்பார், சிம் கார்டைக் கழற்றி மாட்டுவார். லைப்ரரியின் மேல் சந்தேகம் வராது.

"உலகமே பயன்படுத்தும் லைப்ரரி, பெரிய கம்பெனிகள் சோதித்திருக்காதா?" என்ற கேள்வி வரும். 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'பேட்அலாக்' என்று பெயரிட்டு ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். பல ஆர்டிஓஎஸ்களிலும் சி லைப்ரரிகளிலும் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்களில் 25-க்கும் மேற்பட்ட ஓட்டைகள். பெருக்கலிலோ கூட்டலிலோ எண் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் தன் ஆர்டிஓஎஸ்ஸான க்யூஎன்எக்ஸின் பழைய பதிப்புகளில், பூஜ்யம் நிரப்பி மெமரி ஒதுக்கும் காலாக் ஃபங்ஷனிலும் அதே பிழை இருப்பதை பிளாக்பெர்ரி அறிவித்தது. நம் மாணவர்கள் அன்றாடம் லிங்க் செய்யும் நியூலிப் என்ற சி லைப்ரரியில், குறிப்பிட்ட மடங்கு முகவரியில் மெமரி ஒதுக்கும் மெம்அலைன் வகை ஃபங்ஷன்களில் இருந்த ஓட்டை 4.0.0 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டு மாணவர் பத்து வரியில் எழுதக்கூடிய டெஸ்ட், இவற்றில் பலவற்றைப் பிடித்திருக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். லேப்டாப்பில் லினக்ஸில் கம்பைல் செய்து, ஓட்டி, 'பாஸ்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதும் பழக்கம். சரத்தை எண்ணாக்கும் ஸ்டர்டோலுக்கு 2147483648 என்ற சரத்தைக் கொடுங்கள். 64 பிட் லினக்ஸில் லாங் என்ற எண் வகை 8 பைட் என்பதால் அந்த எண் அப்படியே திரும்பும். சிறு கருவிகளுக்கான ஆர்ம் வகையான கார்டெக்ஸ்-எம் (இனி எம்0, எம்3, எம்4) சிப்பில் லாங் 4 பைட். அங்கே 2147483647 திரும்ப வேண்டும், பிழை எண் வைக்கும் எர்நோவில் ஈரேஞ்ச் (வரம்பு மீறல்) இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், -2147483648 பிழையில்லாமல் ஏற்கப்பட வேண்டும். மதிப்பை முதலில் நேர்மறையாகச் சேர்த்து, கடைசியில் குறியை மாற்றும் லைப்ரரிகள் இந்த ஒரு எண்ணில் சறுக்கும். அதுபோல, ஓர் எழுத்தை வைக்கும் சாதாரண 'சார்' என்ற வகை லேப்டாப்பின் எக்ஸ்86 சிப்பில் குறியுள்ளது (எதிர்மறையும் ஏற்கும்). ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் சிப் வகைகளில் குறியற்றது. பைட் 128-ஐ 127-உடன் ஒப்பிட்டால் மெம்காம்ப், ஸ்டர்காம்ப் இரண்டும் முதலாவதே பெரிது என்று சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டு கேட்பது குறியற்ற ஒப்பீடு. கோடில் சார் என்று வெறுமனே எழுதியிருந்தால் ஓரிடத்தில் சரியாகவும் மறு இடத்தில் தவறாகவும் வரும். தமிழ் யுடிஎஃப்-8 சரம் ஒவ்வொன்றிலும் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளே இருப்பதால் இது நமக்கு ஏட்டளவிலான கவலை அல்ல.

மேசைக்கு வேண்டியவை அதிகமில்லை. சிப்பை லேப்டாப்பிலேயே போலச்செய்யும் க்யூஇமு எமுலேட்டர் இலவசம். எம்பிஎஸ்2-ஏஎன்385 என்ற மெஷின் கார்டெக்ஸ்-எம்3, ஏஎன்386 என்பது எம்4, மைக்ரோபிட் எம்0, ரிஸ்க்-ஃபைவுக்கு விர்ட் மெஷின். போர்டுகளில் ராஸ்பெர்ரி பை பிகோ ஒன்று (எம்0 பிளஸ், 264 கேபி ராம், தசம எண் கணக்குக்கான மிதவைப்புள்ளி ஹார்டுவேர், அதாவது எஃப்பியு, கிடையாது), எஸ்டிஎம்32எஃப்103 ஒன்று (எம்3, 64 கேபி ஃபிளாஷ், 20 கேபி ராம்), எஃப்பியு உள்ள எம்4 போர்டு ஒன்று. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகா வரிசையில் தேஜஸ்32 சிப் உள்ள ஏரிஸ் போர்டு கிடைத்தால் ரிஸ்க்-ஃபைவுக்கு அதுவே போதும். 256 கேபி ராம் இருக்கிறது. சிப்பில் ஓடும் டெஸ்டின் முடிவை லேப்டாப்புக்குக் கொண்டுவர, டீபக்கர் வழியாகப் பேசும் செமிஹோஸ்டிங் இருக்கிறது. ஆனால் செமிஹோஸ்டிங் அழைப்பு ஒரு பிரேக்பாயின்ட் கட்டளை. டீபக்கர் மாட்டாத போர்டில் அது ஓடினால் நேரே ஹார்டுஃபால்ட், சிப் பிழையில் நின்றுவிடும். "க்யூஇமுவில் ஓடுகிறது, போர்டில் ஓடவில்லை" என்று மாணவர் வந்து நின்றால் முதலில் இதைக் கேளுங்கள். எமுலேட்டரிலிருந்து வெளியேறும் குறியீட்டையும் சரி பாருங்கள். 32 பிட் ஆர்மில் பழைய எக்ஸிட் அழைப்புக்கு பதினாறடிமானம் 20026 என்ற காரண எண்ணைக் கொடுத்தால்தான் க்யூஇமு 0 என்று திரும்பும். டெஸ்ட் தோற்றாலும் அதே எண்ணைக் கொடுத்துவிட்டால், எல்லாம் பாஸ் ஆனதாகவே ஸ்கிரிப்ட் நம்பிக்கொண்டிருக்கும்.

சோதிக்க எந்த லைப்ரரி? பிகோலிப்சியைப் பரிந்துரைக்கிறோம். நியூலிப்பிலிருந்தும் ஏவிஆர் லைப்ரரியிலிருந்தும் பிறந்தது, சின்னது, க்யூஇமுவில் ஓடும் டெஸ்டுகள் கூடவே வருகின்றன, படிக்கக்கூடிய கோடு. நியூலிப்பின் சிறு வடிவமான நியூலிப்-நானோவும் நல்ல தேர்வு. மாணவர்களின் போர்டுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பது அதுதான். மசல் லைப்ரரிக்கென எழுதப்பட்ட லிப்சி-டெஸ்ட் தொகுப்பைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். அப்படியே ஓட்ட முடியாது, லினக்ஸை எதிர்பார்க்கும். ஆனால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எந்த உள்ளீடுகளைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதே ஒரு பாடம்.

எந்த லைப்ரரியைச் சோதிக்கிறோம் என்பதை உறுதி செய்வது தனி வேலை; இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். பிகோவோடு வரும் மென்பொருள் தொகுப்பான எஸ்டிகே, மெம்காப்பி, மெம்செட் இரண்டையும் சிப்பின் ராமில் அல்ல, ரோமில் எழுதப்பட்ட வடிவங்களுக்குத் திருப்பிவிடும்; பிரிண்ட்எஃப்புக்கும் தன் சொந்த வடிவத்தை வைத்துக்கொள்ளும். மாணவர் நியூலிப்பைச் சோதிப்பதாக நினைத்து வேறொன்றைச் சோதித்துக்கொண்டிருப்பார். லிங்க்கர் தரும் மேப் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்த ஆர்க்கைவிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அறிக்கையோடு இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காத அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்; அதில் கடுமை ஏதும் இல்லை.

கம்பைலர் இன்னும் பெரிய மாயக்காரர். ஸ்டர்லென்னுக்கு ஒரு மாறாத சரத்தைக் கொடுத்தால் ஜிசிசி என்ற கம்பைலர் கம்பைல் செய்யும்போதே நீளத்தை எண்ணி விடையை எழுதிவிடும். லைப்ரரி கூப்பிடப்படவே மாட்டாது. வரி முறிவோடு முடியும் எளிய பிரிண்ட்எஃப்பை புட்ஸாக மாற்றும். மாலாக் செய்து உடனே ஃப்ரீ செய்தால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகவே டெஸ்ட் ஃபைல்களை இந்த மாற்றங்களைத் தடுக்கும் எஃப்-நோ-பில்ட்டின் என்ற கம்பைலர் கொடியோடு (ஆப்ஷனோடு) கம்பைல் செய்ய வேண்டும். அதோடு, ஃபங்ஷனை வாலடைல் பாயின்ட்டர் (கம்பைலர் முன்கூட்டி ஊகிக்க முடியாத முகவரி மாறி) வழியாகக் கூப்பிட வேண்டும். அப்படியும் சந்தேகம் இருந்தால் அப்ஜெக்ட் ஃபைலை டிஸ்அசெம்பிள் செய்து, ஃபங்ஷனைக் கூப்பிடும் கிளைக் கட்டளை அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

லைப்ரரியைக் கம்பைல் செய்யும்போது இதே மாயம் தலைகீழாக வரும். மெம்காப்பிக்குள் பைட் பைட்டாக நகர்த்தும் லூப்பை எழுதினால், "இது மெம்காப்பி போல இருக்கிறதே" என்று கண்டுபிடித்து அந்த லூப்பையே மெம்காப்பி அழைப்பாக மாற்றிவிடும் ஜிசிசி. மெம்காப்பி தன்னையே கூப்பிடும், ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான மெமரி) தீரும், ஃபால்ட். ஜிசிசி 10 முதல் இது ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையிலேயே நடக்கும். அதற்கு முன் ஓ3-இல் மட்டும். லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ் என்ற ஆப்டிமைசேஷனை அந்த ஃபைலுக்கு அணைப்பதே மருந்து. ஃப்ரீஸ்டாண்டிங் (லைப்ரரி இல்லாத சூழல்) என்று கம்பைலரிடம் சொன்னால் மட்டும் போதாது. காலாக்கிலும் இதே கதை: மாலாக் செய்து மெம்செட்டால் பூஜ்யம் நிரப்பினால், இரண்டையும் சேர்த்து காலாக் என்று எழுதித் தரும். ஓ0-இல் பாஸ் ஆகும் டெஸ்ட் ஓ2-இல் விழுவது இதனால்தான். ஓ0, ஓ2, கோடின் அளவைக் குறைக்கும் ஓஎஸ் என்ற மூன்று நிலைகளிலும் முழுத் தொகுப்பையும் ஓட்டுவது கட்டாயம்.

சரம், மெமரி ஃபங்ஷன்களுக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. மெம்காப்பி ஒரே ஃபங்ஷன் போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கைந்து பாதைகள்: சிறு நீளத்துக்கு ஒன்று, முகவரி 4-இன் மடங்காக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று, 16 பைட் கட்டுகளுக்கு ஒன்று, வால் பகுதிக்கு ஒன்று. ஒரு நீளத்தில் சரியாக இருப்பது அடுத்த நீளத்துக்குச் சாட்சி ஆகாது. மூல முகவரியின் நகர்வு 0 முதல் 15, இலக்கின் நகர்வு 0 முதல் 15, நீளம் 0 முதல் 80 என்று எடுத்தால் 16 × 16 × 81 = 20,736 கூட்டணிகள். எஸ்டிஎம்32-லேயே சில நொடிகளில் ஓடி முடியும். இலக்குக்கு முன்னும் பின்னும் 16 பைட் காவல் பகுதி. அதில் மூலத்தில் வராத ஒரு மதிப்பு. ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள்: நகல் சரியா, காவல் பகுதி கலையாமல் இருக்கிறதா, திரும்பிய பாயின்ட்டர் இலக்குதானா. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அசெம்பிளியில் எழுதிய மெம்காப்பி இலக்கு ரிஜிஸ்டரையே நகர்த்திக்கொண்டு போய், முடிவில் கடைசி முகவரியைத் திருப்பித் தரும் வாய்ப்பு உண்டு.

மெம்மூவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகள் இரு திசையிலும், நகர்வு 1 முதல் 20 வரை வேண்டும். எஸ்என்பிரிண்ட்எஃப்பில் '%.3எஸ்' (அதிகபட்சம் 3 எழுத்து) கொடுத்தால் முடிவுப் பூஜ்யம் இல்லாத 3 பைட் அணியை அது ஏற்க வேண்டும். நான்காவது பைட்டைத் தொடக் கூடாது. தொட்டதா என்று எப்படித் தெரியும்? ராமின் கடைசி 3 பைட்டுகளில் அந்த அணியை வையுங்கள். அடுத்த முகவரியில் எதுவும் இல்லாததால் தொட்ட உடனே ஃபால்ட். ஸ்டர்லென், மெம்சார் ஆகியவற்றுக்கும் இதே உத்தி. வேகத்துக்காக 4 பைட் 4 பைட்டாகப் படிக்கும் ஸ்டர்லென் அந்த 4 பைட் வார்த்தைக்குள் பூஜ்யத்தைத் தாண்டிப் படிப்பது குற்றமல்ல, எல்லைக்கு வெளியே போவதுதான் குற்றம். ராம் முடிவில் வைக்கும்போது இந்த வேறுபாடும் தானாகவே காக்கப்படுகிறது. ராம் முடிவில் வழக்கமாக ஸ்டாக் உட்கார்ந்திருக்கும், லிங்க்கர் ஸ்கிரிப்டில் அதைக் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும். எம்பியு (மெமரிப் பாதுகாப்பு ஹார்டுவேர்) உள்ள எம்3, எம்4 சிப்புகளில் 32 பைட் அளவுக்கே தடைப் பகுதி போடலாம். அதுவும் நல்ல வழி.

4-இன் மடங்காக இல்லாத, சீரற்ற முகவரி விவகாரம் எம்0-இல் தனி. அங்கே சீரற்ற முகவரியில் வார்த்தை படித்தால் எப்போதும் ஹார்டுஃபால்ட். எம்3, எம்4-இல் சாதாரண லோடு பொறுத்துக்கொள்ளும். இரட்டை வார்த்தை லோடும், பல ரிஜிஸ்டர் லோடும் பொறுக்காது. கம்பைலர் இரண்டு அடுத்தடுத்த லோடுகளை ஒன்றாக்கி இரட்டை லோடாக மாற்றினால், நேற்று ஓடிய கோடு இன்று விழும். ஆகவே எமுலேட்டர் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பகுதிக்கு மதிப்பெண் போட வேண்டாம். எம்0 போர்டில் ஓட்டிய லாக் வேண்டும்.

மெமரி ஒதுக்கீடு. 32 பிட் சிப்பில் காலாக்குக்கு 2,14,74,83,649 உறுப்புகள், உறுப்புக்கு 2 பைட் என்று கேளுங்கள். பெருக்கினால் 4,29,49,67,298, 32 பிட்டில் மிஞ்சுவது 2. பிழையான லைப்ரரி 2 பைட் ஒதுக்கி நல்ல பாயின்ட்டரைக் கொடுக்கும். சரியானது 'நல்' (இடமில்லை என்று சொல்லும் வெற்றுப் பாயின்ட்டர்) கொடுக்கும். மாலாக்குக்கு, மிகப் பெரிய அளவு எண்ணான சைஸ்-மேக்ஸிலிருந்து 0 முதல் 64 வரை கழித்த எல்லா அளவுகளையும் கொடுங்கள். தலைப்புக்கும் சீரமைப்புக்கும் சில பைட் கூட்டும்போது எண் சுற்றி வந்து சின்னதாகிவிடுவது இங்கேதான். மெம்அலைனுக்கும் அதே. ஒதுக்கிய அளவை மாற்றும் ரீஆலாக் தோற்றால் பழைய பகுதியும் அதன் உள்ளடக்கமும் அப்படியே இருக்க வேண்டும். திரும்பும் முகவரி ஒவ்வொன்றும் ஆர்மில் 8-இன் மடங்காக இருக்க வேண்டும். பிறகு ஹீப்பை (மாலாக் பங்கிட்டுத் தரும் மெமரியை) முழுக்கத் தீர்த்து, நல் வந்தபின் எல்லாவற்றையும் விடுவித்து, முதலில் கிடைத்த மிகப் பெரிய துண்டு மறுபடி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த காலித் துண்டுகள் ஒட்டவில்லை. போர்டோடு வரும், ஹீப்பை வளர்க்கும் எஸ்பிரேக் ஃபங்ஷனையும் சோதனைக்குள் சேர்க்க வேண்டும்: ஹீப் மேலேறி ஸ்டாக்கைத் தொடும் இடத்தில் அது -1 திருப்புகிறதா? தற்போதைய ஸ்டாக் பாயின்ட்டரோடு ஒப்பிடும் எஸ்பிரேக், டாஸ்குகளுக்குத் தனித்தனி ஸ்டாக் உள்ள ஆர்டிஓஎஸ்ஸில் தவறான விடை தரும். டாஸ்கின் ஸ்டாக் ஹீப்புக்குக் கீழே இருந்தால் எந்த மாலாக்கும் வெற்றி பெறாது.

பிரிண்ட்எஃப் குடும்பம் நம் ஊர்க் கருவிகளில் அதிகம் அடிபடுவது. பிஹெச் மதிப்பு, நீர்மட்டம், வோல்டேஜ் எல்லாம் தசமத்தில்தான் போகின்றன. நியூலிப்-நானோவில் மிதவைப்புள்ளி ஆதரவைத் தனியாக லிங்க் செய்யாவிட்டால் தசம எண்ணுக்கான '%எஃப்' வெறுமையாக அச்சாகும். 64 பிட் எண்ணுக்கான '%எல்எல்டி' வழக்கமான நானோ பில்டில் வேலை செய்யாது, எண் வரவேண்டிய இடத்தில் ஃபார்மேட் எழுத்துகளே வந்து நிற்கும். முழு நியூலிப்பில் '%எஃப்' வேலை செய்யும், ஆனால் உள்ளே மாலாக் கூப்பிடும். ஹீப் தீர்ந்த நிலையில் '%எஃப்' கொடுத்தால் என்ன ஆகிறது என்பது நல்ல டெஸ்ட்: 3.3.0-க்கு முந்தைய நியூலிப்பில் அந்த மாலாக் தோற்றதைப் பார்க்காமலே நல் பாயின்ட்டரைப் பயன்படுத்தும் இடங்கள் இருந்தன; பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பதிவான சிவிஇயின் 2019 பட்டியலில் அவை பதிவாகியிருக்கின்றன.

விடைகளைச் சரிபார்க்கச் சில மதிப்புகள்: இரு தசமத்தில் 2.675 கொடுத்தால் 2.67 வர வேண்டும். அந்த எண் இருமத்தில் 2.675-ஐவிடக் கடுகளவு குறைவு. 0.125-க்கு 0.12, 0.375-க்கு 0.38, இவை துல்லியமாக நடுவில் நிற்பவை, இரட்டைப்படைப் பக்கம் சாய வேண்டும். எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்ப வேண்டியது இடம் போதுமானதாக இருந்தால் எத்தனை எழுத்து வந்திருக்கும் என்ற எண். எழுதிய எண்ணிக்கையைத் திருப்பும் 'எளிய' வடிவங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. எதிர்த்திசையில், சரத்தைத் தசம எண்ணாக்கும் ஸ்டர்டாடுக்கு 2.2250738585072011 × 10⁻³⁰⁸ கொடுத்துப் பாருங்கள். 2011-இல் பிஹெச்பியை முடிவில்லா லூப்பில் மாட்டிவிட்டது இந்த எண். அடுத்த மாதமே ஜாவாவை மாட்டியது கடைசி இலக்கம் 2 ஆன அதன் தம்பி.

முழு எண்ணுக்கான '%டி' சரியாக வருகிறது, '%எஃப்' மட்டும் 0 அல்லது குப்பை காட்டுகிறது, அதுவும் ஒரு டாஸ்கில் மட்டும் என்றால் லைப்ரரியைக் குறை சொல்லும் முன் டாஸ்க் ஸ்டாக்கின் தொடக்க முகவரியைப் பாருங்கள். ஆர்ம் விதிப்படி ஸ்டாக் 8 பைட் சீரில் இருக்க வேண்டும். 8 பைட் தசம எண்ணான டபுள் மதிப்பை எடுக்கும் கோடு முகவரியை 8-க்கு உயர்த்திப் படிக்கும். ஸ்டாக் 8-இன் மடங்காக இல்லாமல் 4-இன் மடங்காக மட்டும் உள்ள முகவரியில் தொடங்கியிருந்தால் 4 பைட் தள்ளிப் படிக்கும். வேண்டுமென்றே அப்படித் தொடங்கும் டாஸ்க் ஒன்றை உருவாக்கி இந்த அறிகுறியை மாணவருக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும், பிறகு மறக்காது.

இனி லேப்டாப் ஒருபோதும் காட்டாத பகுதி: பல டாஸ்குகள். நியூலிப்பின் மாலாக், ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் நுழையப் பூட்டு கேட்கும். ஆனால் அந்தப் பூட்டு ஃபங்ஷன்களின் இயல்பு வடிவம் எதுவும் செய்யாத வெற்று ஃபங்ஷன். ஆர்டிஓஎஸ்ஸோடு இணைப்பவர் அதை ஆர்டிஓஎஸ் தரும் பூட்டான மியூட்டெக்ஸோடு கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் லிங்க் ஆகும், ஓடும், மாதக்கணக்கில் ஓடும். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் நியூலிப் ரீஎன்ட்ரன்ட் அமைப்பை 1 ஆக்கினால் டாஸ்குக்கு ஒரு எர்நோ கிடைக்கும். மாலாக் பூட்டு அதில் வராது, அது தனி. டெஸ்ட் இப்படி: சம முன்னுரிமையில் இரண்டு டாஸ்குகள், ஒவ்வொன்றும் 1 முதல் 200 பைட் வரை ஏதோ ஒரு அளவு ஒதுக்கி, தன் அடையாளத்தை நிரப்பி, கொஞ்சம் கழித்துச் சரிபார்த்து விடுவிக்கும். 1 மில்லிசெகண்ட் டிக்கில் மோதல் அரிதாகவே நடக்கும். தனி டைமர் ஒன்றை 97 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை டாஸ்க் மாற்றும்படி வையுங்கள். பூட்டில்லாத ஹீப் விரைவிலேயே சிதையும். பூட்டு ஃபங்ஷனுக்குள் ஒரு எண்ணியும் போடுங்கள். டெஸ்ட் முடிந்தபின் அது 0 என்றால் பூட்டு இணைக்கப்படவே இல்லை. எர்நோவுக்கு: ஒரு டாஸ்க் ஸ்டர்டோலில் ஈரேஞ்ச் வாங்கிவிட்டுத் தூங்கட்டும், மற்றது எர்நோவில் வேறு எண் எழுதட்டும், முதலாவது எழுந்து பார்க்கும்போது ஈரேஞ்ச் இருக்கிறதா? ஸ்டர்டாக், ரேண்ட், லோக்கல்டைம் மூன்றும் உள்ளே ஒற்றை நிலையை வைத்திருக்க ஸ்டாண்டர்டு அனுமதிக்கிறது. அவை டாஸ்குகளுக்கு இடையே கலப்பது பிழையல்ல, ஆவணத்தில் எழுத வேண்டிய செய்தி.

நேரம் பற்றிச் சுருக்கமாக. போசிக்ஸ் முறையில் நம் நேர மண்டலம் 'ஐஎஸ்டி-5:30'. கழித்தல் குறிதான் சரி. கூட்டல் குறி போட்டால் 11 மணி நேரம் பிசகும். நேரத்தை நொடிகளாக வைக்கும் டைம்-டி 32 பிட் குறியுள்ளதாக இருந்தால் 2038 ஜனவரி 19 காலை இந்திய நேரம் 8:44:07-க்குப் பிறகு 1901-க்குப் போய்விடும். இன்று பொருத்தும் ஸ்டார்ட்டர் அன்றும் வரப்பில் நின்றுகொண்டிருக்கக்கூடும். தேதியை நொடிகளாக்கும் எம்கேடைமுக்கு 2024 மார்ச் 0-ஆம் தேதி கொடுத்தால் பிப்ரவரி 29 வர வேண்டும். 2100 பிப்ரவரி 29 கொடுத்தால் மார்ச் 1.

கணித ஃபங்ஷன்களில் ஃப்ளோட் வகைக்கு ஒரு சௌகரியம் உண்டு: உள்ளீடுகள் மொத்தமே 4,29,49,67,296. நொடிக்கு 1 கோடி வீதம் லேப்டாப்பில் 7 நிமிடத்தில் எல்லாவற்றையும் டபுளோடு ஒப்பிட்டுவிடலாம். 72 மெகாஹெர்ட்ஸ் எம்3-இல் ஒரு சைனுக்கு 2,000 சுழற்சி பிடித்தால் 33 மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை போட்டுவிட்டுப் போனால் ஞாயிறு காலை முடிந்திருக்கும். செட்ஜம்ப் குறித்துவைத்த இடத்துக்குத் தாவும் லாங்ஜம்புக்கு இரண்டே டெஸ்ட்: மதிப்பு 0 கொடுத்தால் செட்ஜம்ப் 1 திருப்புகிறதா, எஃப்பியு உள்ள எம்4-இல் எஸ்16 முதல் எஸ்31 வரையிலான ரிஜிஸ்டர்கள் மீள்கின்றனவா. வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டுக்கு ஏறுவரிசை, இறங்குவரிசை, எல்லாம் சமம், பாதி ஏறிப் பாதி இறங்குவது என நான்கு வகை அணிகள். ஒப்பீட்டு எண்ணிக்கையையும், ஸ்டாக்கில் ஏ5 என்ற பைட்டை முன்கூட்டியே நிரப்பி எவ்வளவு ஆழம் போனது என்பதையும் பதிவு செய்தால் போதும்.

மதிப்பீடு பற்றி ஒரு வேண்டுகோள். எத்தனை டெஸ்ட் பாஸ் என்று எண்ணாதீர்கள். அது யாரும் உயர்த்திக் காட்டக்கூடிய எண். வைவாவில் லைப்ரரியின் கோடில் நீங்களே ஒரு வரியைக் கெடுங்கள்: மெம்காப்பியின் வால் லூப்பில் ஒரு பைட் குறையுங்கள், காலாக்கின் பெருக்கல் சோதனையை நீக்குங்கள், மெம்காம்பில் குறியற்ற என்பதை எடுத்துவிடுங்கள். மாணவரின் தொகுப்பு எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். ரெடிமேட் புராஜெக்ட் விற்கும் கடைகளிடம் இதற்குச் சரக்கு கிடையாது.

எதைச் சோதிக்கக் கூடாது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஸ்டர்லென்னுக்கு நல் கொடுப்பது, இருமுறை ஃப்ரீ செய்வது, பெரிய எழுத்தாக்கும் டூஅப்பருக்கு -5 கொடுப்பது எல்லாம் ஸ்டாண்டர்டு எதையும் உறுதி தராத இடங்கள். அங்கே விழுந்தால் லைப்ரரியின் பிழை அல்ல. மாலாக்குக்கு 0 கொடுத்தால் நல்லும் வரலாம், விடுவிக்கத்தக்க பாயின்ட்டரும் வரலாம். டெஸ்ட் இரண்டையும் ஏற்க வேண்டும். ரீஆலாக்குக்கு 0 என்பது சி ஸ்டாண்டர்டின் சி17 பதிப்பு வரை லைப்ரரியின் விருப்பம், சி23-இல் வரையறையே இல்லாதது. ஒவ்வொரு டெஸ்டின் மேலும் ஸ்டாண்டர்டின் எந்தப் பிரிவு என்று ஒரு வரிக் குறிப்பு எழுதச் சொன்னால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

பிழை கிடைத்தால் அதை லைப்ரரியின் பராமரிப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். இருபது வரிக்குள் அடங்கும் புரோகிராம், கம்பைலர் பதிப்பு, கொடிகள், சிப், எதிர்பார்த்தது, வந்தது. இவ்வளவும் இருந்தால் பதில் வரும். "உங்கள் பிரிண்ட்எஃப் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் வராது. சோதனைத் தொகுப்பைக் கல்லூரியின் பெயரிலேயே திறந்த உரிமத்தில் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டுக் குழு அதன்மேல் கட்டட்டும். முதல் பருவத்தில் சரம், மெமரி, எண் மாற்றம். இரண்டாம் பருவத்தில் பிரிண்ட்எஃப், டாஸ்குகள், நேரம். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இது சரியான அளவு. ஐந்து பேர் என்றால் கணிதத்தையும் சேர்க்கலாம்.

எந்தக் கல்லூரி முன்வந்தாலும், மேலே சொன்ன மூன்று போர்டுகளுக்கும் லிங்க்கர் ஸ்கிரிப்ட், ராம் முடிவில் அணி வைக்கும் டெஸ்டின் மாதிரி, க்யூஇமு ஓட்டும் ஸ்கிரிப்ட் ஆகியவற்றைத் தயாராகத் தருகிறோம். சனிக்கிழமை பிற்பகல்களில் ஆய்வகத்துக்கு வந்து உட்காரவும் எங்களால் முடியும். ஊதியம் வேண்டாம், யுபிஎஸ் உள்ள ஒரு மேசையும், இரவு முழுதும் ஓட்டிவிட்டுப் போக அனுமதியும் போதும்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரிப் பகுதியில் எம்பெடட் மென்பொருள் எழுதும் சிலர்